உப்பு வைத்த இலை

வாராவாரம் சனிக்கிழமை மத்தியானம் வளர்மதி தன் தம்பியிடம் ஒரே பொய்யைச் சொன்னாள். பெரிய பொய் ஒன்றுமில்லை. "இன்னைக்குச் சாப்பிடலாம்டா" என்பதுதான். சொல்லிவிட்டு இலையில் சோற்றை வைப்பாள், பருப்பு ஊற்றி நெய் விடுவாள், பக்கத்தில் கத்தரிக்காய்க் கூட்டும் அப்பளமும் வைப்பாள். தம்பி திரவியம் வாயில் எச்சில் ஊற அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நேரம் கழித்து அவள் இலையை மூடி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் இடக்கையிலிருந்து இறங்கிய ரத்தத்தில்தான் அவள் புருஷனின் உயிர் இருந்தது.

திண்டுக்கல்லுக்கு வெளியே, சிறுமலைக்குப் போகும் சாலையில் இருந்தது அந்த ஆராய்ச்சி மையம். வாசலில் இருந்த பெயர்ப் பலகையை முழுசாகப் படித்தவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆட்டோக்காரர்களுக்கு அது பசி ஆஸ்பத்திரி. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் மருந்து நெடிதான் அடிக்கும். இங்கே தாளித்த வாசனை அடித்தது. வெளியே நிற்கிறவர்களுக்கு, உள்ளே ஏதோ விருந்து நடக்கிறது என்றுதான் தோன்றும்.

வளர்மதியின் கணவர் ஞானசேகர் அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. வீட்டில் காபி வேண்டுமென்றால்கூட ஒரு சின்ன விசில்தான். அந்த மனுஷர் ஒருநாள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். "வயசாயிருச்சு சார்வாளுக்கு" என்று வளர்மதி கிண்டல் செய்தாள். அந்தக் கிண்டலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பொத்தானில் தொடங்கியது தோளுக்கு ஏறி, காலுக்கு இறங்கி, கடைசியில் மூச்சுக்கு வந்தது. தசையை அசைக்கச் சொல்லும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்றார்கள். சக்கர நாற்காலி வந்தது. விசிலைக் கழுத்திலிருந்து கழற்ற அவர் விடவில்லை; ஊதினால் காற்று மட்டும்தான் வந்தது.

மையத்தின் தலைவி டாக்டர் எஸ்தர் முதல் நாளே எல்லாவற்றையும் புரியும்படி சொன்னார்.

"பசி எடுக்கிறப்ப வயித்துல ஒரு ஹார்மோன் சுரக்குதும்மா. சோறு வரப்போகுது, தயாரா இருன்னு ஒடம்புக்குச் சொல்றது அதோட வேலை. செத்துக்கிட்டிருக்கிற நரம்புக்கு அது கிடைச்சா, சாகுறத நிறுத்துது. சில நேரம் கொஞ்சம் எந்திரிக்கவும் செய்யுது."

"அப்ப அதை மாத்திரையாக் குடுத்துருங்களேன் டாக்டர்."

"செஞ்சு பாத்தோம். எலி ஓடுச்சு. மனுஷன் எந்திரிக்கல. நெசமான பசியில அதுகூடச் சேந்து இன்னும் ஏதோ வருது. அது என்னன்னு பிடிபடுற வரைக்கும் பசிக்கிற ஆளோட ரத்தத்துல இருந்துதான் எடுக்கணும். எல்லார் ரத்தமும் சேராது. ஒங்க தம்பியோடது சேருது. அது ஒங்க அதிர்ஷ்டம்."

"பட்டினி கெடக்கணும், அவ்வளவுதானே? அவன் கெடப்பான்."

டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். "பட்டினி வேற, பசி வேறம்மா. சோறு கிடைக்காதுன்னு தெரிஞ்சுட்டா ஒடம்பு அடங்கிரும். சுரக்கிறதையும் கொறச்சுக்கும். சோறு வரும்னு நம்பணும். இலையப் பாத்து, வாசனை பிடிச்சு, இதோ சாப்பிடப் போறோம்னு காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் உச்சம்."

"அப்ப நம்ப வைக்கணும்."

"ஆமா." டாக்டர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மறுபடியும் அங்கேயே வைத்தார். "அதுக்குத்தான் ஒங்களைக் கூப்பிட்டேன். நர்ஸ் சொன்னா சீக்கிரமே ஒடம்பு கண்டுபிடிச்சுருது. சின்ன வயசுல இருந்து யார் கையால சாப்பிட்டாங்களோ, அவங்க சொன்னா நம்புது."

வளர்மதிக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அம்மா மஞ்சள் காமாலையில் போனபோது திரவியத்துக்கு நாலு வயசு. பள்ளிக்கூடப் பையைக் கழற்றி வைத்துவிட்டு அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் அவள்தான். அவனும் சும்மா சொல்லக் கூடாது, ஊட்ட ஊட்டத் தின்று வளர்ந்தான். இப்போது ஜே.சி.பி. ஓட்டுகிறான். கல்யாண வீடுகளில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், அவன் சாப்பிடுவதைப் பார்த்தே தாங்களும் ரெண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிடுவார்கள். பந்தி திரவி என்றால் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட பசிக்காரன் தம்பியாக வாய்த்தது நல்லதாகப் போயிற்று என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கும் பின்னால் வெட்கப்பட்டாள்.

திரவியத்துக்கும் எல்லாம் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டோடு சரி. சனிக்கிழமை வெறும் வயிற்றோடு வர வேண்டும். சில வாரம் சாப்பாடு உண்டு, சில வாரம் இல்லை. எப்போதுமே இல்லையென்றால் உடம்பு நம்பாமல் போய்விடுமாம். எந்த வாரம் எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சாப்பாடு உண்டு என்கிற வாரத்தில் ரத்தம் எடுக்க மாட்டார்கள். அன்றைக்கு ஞானசேகருக்கு மருந்து கிடையாது. ஆனால் ஊசி எல்லா வாரமும் கையில் இருக்கும், அக்காவும் எல்லா வாரமும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வாள்.

"இதுல என்ன இருக்கு, மச்சானுக்குத்தானே" என்றான் திரவியம். "ஒரு வேளை திங்காட்டி நான் என்ன எளச்சா போயிருவேன்? எளச்சா ஜே.சி.பி.க்கு நல்லது."

வளர்மதியின் வேலை லேசானது. சமையலறை ஜன்னலில் சமையல்காரர் சோணைமுத்து இலையும் பாத்திரங்களும் வைத்த தட்டை நீட்டுவார். நீட்டும்போது வாய்க்குள்ளேயே "இல்ல" என்பார், அல்லது "உண்டு" என்பார். அவள் தட்டைக் கொண்டுபோய்ப் பரிமாறி, அந்த வார்த்தையைச் சொல்வாள். மேசைக்கு அடியில், அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் இருந்தது. "இல்ல" என்றால் அதை அழுத்த வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் இயந்திரம் சத்தமில்லாமல் ரத்தத்தை இழுக்கத் தொடங்கும். "உண்டு" என்றால் அழுத்தக் கூடாது.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. ஞானசேகரின் கண்ணில் ஒரு தெளிச்சி வந்தது. கால் கட்டைவிரல் அசைந்தது. பிறகு எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு மாதம் ஆயிற்று, இன்னொரு மாதம் ஆயிற்று. கட்டைவிரலும் அசையவில்லை. "சில பேருக்கு இப்படித்தான்" என்றார் டாக்டர். சில பேர் என்றால் யார், அவர்கள் இப்போது எங்கே என்று வளர்மதி கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஞானசேகருக்குக் கஞ்சி புரையேறியது. முகம் நீலம் பாய்ந்து, மறுபடி சிவப்புக்கு வருவதற்குள் அவள் பாதி செத்துப்போனாள். அந்தக் கையோடுதான் மையத்துக்கு வந்தாள். ஜன்னலில் சோணைமுத்து தட்டை நீட்டி, "உண்டு" என்றார்.

அவருக்கு நல்ல மனசு. அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலரும்.

வளர்மதி பரிமாறினாள். "இன்னைக்குச் சாப்பிடலாம்டா" என்றாள். அன்றைக்கு அது உண்மை. திரவியம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் கழுத்தில் எச்சில் விழுங்குவது ஏறி இறங்கித் தெரிந்தது. அவள் கை தானாக மேசைக்கு அடியில் போயிற்று. ஒரே ஒரு வாரம், நம்ம தம்பிதானே, வீட்டுக்குக் கூட்டிப் போய் வயிறு முட்டப் போடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அழுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, "இல்லையாம்டா, மூடச் சொல்லிட்டாங்க" என்று இலையை மூடினாள்.

திரவியம் இலையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "சரிக்கா" என்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். தம்பி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு நாள் கழித்து, ஞானசேகரின் வலது கை நாற்காலிப் பிடியிலிருந்து மெதுவாக எழும்பி, தன் மூக்கைச் சொறிந்தது.

மூக்கைச் சொறிந்ததற்காக ஒரு பெண் குலுங்கிக் குலுங்கி அழுததை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

அதற்கு அப்புறம் யார் தடுத்து அவள் நிற்பாள்? அடுத்து "உண்டு" வந்தபோதும் அழுத்தினாள். அதற்கு அடுத்த "உண்டு"க்கும் அழுத்தினாள். மருந்து கூடுதலாகப் போனால் பலனும் கூடுகிறது என்பதுதான் அவள் போட்ட கணக்கு. ஞானசேகருக்குக் குரல் திரும்பியது, கரகரவென்று. கரண்டியைப் பிடித்தார். ஒருநாள் காலையில் அடுப்படியில் நின்றிருந்தவளுக்கு விசில் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம்தான், பால்காரன் சைக்கிள் மணி அதைவிட உரக்கக் கேட்கும். கூடத்துக்கு ஓடிவந்தாள். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "காபி" என்றார்.

அந்த மாதங்களில் வளர்மதி சந்தோஷமாக இருந்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். சந்தோஷத்துக்கு அடியில் ஒரு முள் இருந்தது; அதன்மேல் சோறு அள்ளி அள்ளிப் போட்டு மூடினாள். ஞாயிற்றுக்கிழமை கறி, திங்கட்கிழமை பணியாரம், தம்பி வேலை செய்யும் இடத்துக்கே தூக்குச்சட்டியில் மத்தியானச் சாப்பாடு. சனிக்கிழமை மட்டும் பரிமாறும்போது இலைப் பக்கம் திரும்பமாட்டாள். தம்பி நம்புகிறானா என்று அவன் முகத்தையே பார்ப்பாள். இலையில் என்ன இருக்கிறது, எந்த மூலையில் எது இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குத் தெரிந்திருக்காது.

விஷயம் உடைந்தது ஒரு கல்யாணத்தில். சின்னாளப்பட்டியில் சித்தப்பா மகள் கல்யாணம். ஞானசேகரை நாற்காலியோடு கூட்டிப் போயிருந்தார்கள். அவர் கையைத் தூக்கி வணக்கம் சொன்னதை ஆளாளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பந்தியில் ஆள் குறைவு என்று வளர்மதியும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டாள். வரிசையில் திரவியம் உட்கார்ந்திருந்தான். அவன் இலையில் சோற்றை வைத்தாள்.

திரவியம் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, உள்ளங்கை மேலே பார்க்க மேசையில் நீட்டினான்.

நீட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மாமா ஒருவர், "என்ன பந்தி திரவி, சோறு போட்டா கையில ஊசி போடச் சொல்றீங்க" என்று சிரித்தார். வரிசையே சிரித்தது. திரவியமும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு சிரித்தான். சாப்பிட்டான். ஆனால் வளர்மதி பார்த்துக்கொண்டிருந்தாள். பிசைந்த சோற்றில் பாதிக்கு மேல் அவன் தொடவில்லை. மறுசோறு கொண்டுவந்தவரிடம் இலைக்கு மேலே கையை வைத்து மறித்தான். பந்தி திரவி மறுசோற்றை மறித்து அவள் பார்த்ததே இல்லை.

வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். செய்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

அடுத்த வாரத்தின் முதல் நாளே டாக்டர் எஸ்தர் முன்னால் போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நாட்களில் சுவிட்சை அழுத்தியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் டாக்டர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். டாக்டர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தெரியும்மா" என்றார். "சாப்பாட்டு நாள்ல குப்பி நெறஞ்சு வந்தா எனக்குத் தெரியாதா? நான் கேக்கல. ஒங்க வீட்டுக்காரர் கையத் தூக்கினாரு. இத்தனை வருஷத்துல என் கண்ணு முன்னாடி யாரும் அப்படித் தூக்கினதில்ல. அதனால கேக்கல."

டாக்டர் திரவியத்தின் ஃபைலை எடுத்து விரித்தார்.

"இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. முதல் சில வாரம் வந்ததை விடுங்க. அதுக்கப்புறம் மத்த நாள்ல வந்த குப்பி எல்லாம் வெறும் ரத்தம். மருந்தா இருந்தது நீங்க அழுத்தக் கூடாத நாள்ல அழுத்துன குப்பிதான். அதுல மட்டும் அந்தச் சுரப்பு எங்கயோ உச்சாணியில நிக்குது. எப்படின்னு எனக்குப் புரியல. எல்லா நாளும் அதே இலை, அதே சோறு, நீங்க சொல்ற அதே வார்த்தை. ஒங்க தம்பி ஒடம்புக்கு மட்டும் எது நெசம், எது பொய்னு தெரிஞ்சிருக்கு. இப்ப கடைசியா ஒரு தடவை எடுத்தோம்ல, சாப்பாட்டு நாள்ல? அதுலயும் ஒண்ணுமில்ல. அடங்கிருச்சு."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு?"

"இருக்கிற பலம் கொஞ்ச நாள் நிக்கும். அப்புறம் பழையபடி எறங்கும்." டாக்டர் தயங்கினார். "ஒரு வழி இருக்கு. சொல்றதா வேணாமான்னு நேத்துல இருந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன். ஆறு மாசம் இங்க வர வேணாம். வீட்டுல ஒங்க கையால நெசமாவே சோறு போடுங்க. ஒரு வேளைகூட ஏமாத்தாம. நம்பிக்கை திரும்ப வரும். வந்ததும் மறுபடி ஆரம்பிக்கலாம்."

வளர்மதி எழுந்துகொண்டாள். இனிமேல் தம்பிக்கு அவள் போடும் ஒவ்வொரு உருண்டையும் அடுத்த ஏமாற்றத்துக்குப் போடும் தீனி. ஆட்டைக் கிடையில் கட்டித் தழை போடுகிறவன்கூட அதனிடம் அக்கா என்று உறவு கொண்டாடுவதில்லை. ஆனாலும் டாக்டரின் அறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள், ஆறு மாதம் கழித்து என்ன மாதம் வரும் என்று அவள் மனசு எண்ணிப் பார்த்துவிட்டது. அதை அவளால் தடுக்க முடியவில்லை. இதுதான் அவளைப் பிற்பாடு அதிகமாக வதைத்தது.

திரவியம் பைக்கோடு வாசலில் நின்றிருந்தான். ஏறி உட்காராமல் கேட்டாள்.

"டேய், சாப்பாடு உண்டா இல்லையான்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவது நின்றது.

"உப்பு" என்றான்.

"என்ன உப்பு?"

"சோணைமுத்து அண்ணன் சாப்பிடப் போற இலையிலதான்க்கா மூலையில உப்பு வைப்பாரு. திங்காத இலையில உப்ப வச்சுத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. பாவம்னு நெனப்பாரு போல. முதல்ல ஒண்ணு ரெண்டு தடவ சாப்பாடு கெடச்சுச்சுல்ல, அப்பவே கண்டுபிடிச்சுட்டேன். உப்பு இல்லைன்னா நீ என்ன சொன்னாலும் வயிறு அசையாது. உப்பப் பாத்துட்டா போதும், குடலு கெடந்து துள்ளும்."

"சொல்லியிருக்கலாம்லடா."

"சொன்னா அவருக்கு வேலை போயிரும். மச்சானுக்கு மருந்தும் போயிரும். ஒடம்பு தானா பழகிரும்னு நெனச்சேன்."

வளர்மதி கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. கேட்காமல் வீட்டுக்குப் போய்விடலாம். அவனாகச் சொல்ல மாட்டான் என்றும் தெரியும்.

"அப்ப, உப்பு வச்ச இலைய நான் மூடினப்ப?"

திரவியம் சாலையைப் பார்த்தான். சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று இறங்கிப் போயிற்று. அது போய் முடியும் வரைக்கும் காத்திருந்துவிட்டுச் சொன்னான்.

"முதல் தடவ, கம்ப்யூட்டர் மாத்திருச்சு போலன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவ ஒன் மூஞ்சியப் பாத்தேன்க்கா."

"அப்பவே கேட்டிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்டா."

"கேட்டா நீ என்ன சொல்லுவ? அதுக்கு இன்னொரு பொய் யோசிக்கணும். ஏற்கெனவே மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. பாவமா இருந்துச்சு." பைக்கை உதைத்தான். "ஏறு, வெயில் ஏறுது."

வீடு வரும் வரைக்கும் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் அழுதாள். ஹெல்மெட்டுக்குள் இருந்தவனுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் சொல்லமாட்டான் என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இலை போட்டாள். கூடத்தில் மேசைக்கு ஒருபுறம் திரவியம், இன்னொருபுறம் சக்கர நாற்காலியில் ஞானசேகர். தம்பியின் இலையில் முதலில் மூலையில் உப்பை வைத்தாள். பிறகு பொரியல், கூட்டு, சோறு, எலும்புக் குழம்பு. வைத்து முடித்தபோது வழக்கமான அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இருபத்தைந்து வருஷமாகத் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட அவளிடம் எத்தனையோ வார்த்தை இருந்தது. இப்போது ஒன்றும் உதவவில்லை.

"சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

திரவியம் இலையைப் பார்த்தான். உப்பைப் பார்த்தான். அப்புறம் அவன் கண், மேசை விளிம்புக்குக் கீழே போயிருந்த அவளுடைய வலது கைக்குப் போயிற்று. அவள் சட்டென்று ரெண்டு கையையும் மேலே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அவனுடைய இடது கை இதற்குள் மேசைக்கு வந்துவிட்டிருந்தது, சட்டை மடிப்போடு. வளர்மதி குனிந்து அந்தக் கையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடங்கள் கருத்துப் போயிருந்தன.

ஞானசேகர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதையும் யாரும் சொல்லியிருக்கவில்லை. இதற்கு மேலும் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. நின்ற இடத்திலேயே நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். சுவிட்சைச் சொன்னாள், உப்பைச் சொன்னாள், டாக்டர் சொன்ன ஆறு மாதத்தையும் சொன்னாள். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. குழம்புச் சட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

முதலில் பேசியது திரவியம்தான்.

"ஆறு மாசந்தானே? அதுக்கென்ன மச்சான், செஞ்சிருவோம். ஆறு மாசம் அக்கா கையால உக்காந்து திங்கணும், அதானே வைத்தியம்? கசக்குதா எனக்கு?"

ஞானசேகருடைய வலது கை மெல்ல எழும்பி, மார்பில் கிடந்த விசிலைப் பிடித்து, வாய்க்குக் கொண்டுபோயிற்று. மூச்சை இழுத்தார். ஊதினார். காபிக்கு ஊதும் சின்ன விசில் இல்லை அது. ஆட்டம் முடிந்தது என்று மைதானத்தில் ஊதும் நீள விசில். பாதியில் மூச்சு போதவில்லை, இழுத்து மறுபடி ஊதினார். முடிக்கும்போது கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"மாப்ள" என்றார் கரகரத்த குரலில். "முடிஞ்சது. இனிமே யாரும் அங்க போகக் கூடாது."

"மச்சான், நீங்க சும்மா இருங்க."

"நான் ரெஃப்ரீடா. பேசாத."

வளர்மதி அவரைத் தடுத்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க என்று சண்டை போட்டிருக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது. இறங்கியது நிம்மதி என்று தெரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. புருஷன் தன் சாவுக்கு விசில் ஊதுகிறான், பெண்டாட்டி பாரம் குறைந்தது என்று மூச்சு விடுகிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றம்தான்.

ஞானசேகர் நாற்காலியை மேசைக்குக் கிட்டத்தில் தள்ளச் சொன்னார். தள்ளினாள். அவர் கையை நீட்டி, மச்சினன் இலையில் சோற்றையும் குழம்பையும் பிசைந்தார். விரல்கள் நடுங்கின. ஒரு உருண்டை பிடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அந்தக் கை பிசைகிற பலம், மூடி வீசப்பட்ட இலைகளின் பலம். அங்கே இருந்த மூன்று பேருக்குமே அது தெரியும். உருண்டையைத் தூக்கித் திரவியத்தின் வாய்க்கு நேரே பிடித்தார்.

திரவியம் வாயைத் திறந்தான். வாங்கி மென்றான். வளர்ந்த ஆம்பளை, ஜே.சி.பி. ஓட்டுகிறவன், கன்னத்தில் கண்ணீர் வழிய மென்றான். இரண்டாவது உருண்டை பாதி வழியிலேயே இலையில் விழுந்தது. ஞானசேகரின் கை அதற்கு மேல் எழும்பவில்லை.

"நீ குடு" என்றார் அவளிடம்.

விழுந்த உருண்டையை வளர்மதி எடுத்தாள். தம்பியின் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். அவன் உதடு மூடியிருந்தது. வேண்டுமென்று மூடவில்லை, அது தானாக மூடிக்கொண்டது. அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது திரும்பிப் போகிறதா என்று. அவள் கையை எடுக்கவில்லை. தோள் வலிக்க ஆரம்பித்தது. அப்போதும் எடுக்கவில்லை. கடைசியில் அவன் விரலால் இலை மூலையில் இருந்த உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

ஒவ்வொரு உருண்டையாக வாங்கிக்கொண்டான். மெல்லுவது மெதுவாக இருந்தது. விழுங்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கண்ணை மூடினான்.

"பசிக்குதாடா?" என்று கேட்டாள்.

திரவியம் நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தான். கண் இமைக்கவில்லை. உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பைக் கொண்டுவந்து வைத்தான்.

"நல்லாப் பசிக்குதுக்கா" என்றான்.

இமைக்காத அந்தக் கண்ணும், வரவழைத்த அந்தச் சிரிப்பும் யாருடையவை என்று வளர்மதிக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமை தவறாமல் அவள் அவனுக்குக் காட்டிய முகம் அது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அதையும் அவன் சாப்பிட்டான்.